சுண்ணாம்பு நிலத்தில் சுண்ணாம்புக்கு ஏங்கும் தக்காளி



யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அதன் இடுக்குகளில் ஊறிக் கிணற்றுக்கு வரும் நீரும் சுண்ணாம்பு கலந்ததே. கேத்தலின் உட்புறத்திற் படியும் வெள்ளைப் படையை எல்லோரும் அறிவர். இத்தகைய நிலத்திலே வளரும் தக்காளியிலும் சில வேளைகளிற் காயின் பூவிருந்த முனை கறுத்து, உட்குழிந்து, தோல்போலாகிவிடுகின்றது. நோய்க்கிருமியென எண்ணி மருந்து தெளித்துப் பணத்தை இழப்பவர் உளர். அது கிருமியின் வேலையன்று. காய்க்குக் கல்சியம் போதாமையே காரணம். காலடியிற் கிடக்கும் கல்சியம் காய்க்கு ஏன் எட்டவில்லை?

தாவரத்தின் கலம் ஒவ்வொன்றும் நீர் நிறைந்த சிறு பை போன்றது. கலச்சாற்றில் உப்பும் வெல்லமும் செறிந்திருத்தலால், வெளியிலுள்ள நீர் மென்சவ்வினூடே உட்புகுகின்றது. பாடநூல்கள் இதனைப் பிரசாரணம் என்னும். புகுந்த நீர் கலச்சுவரை உள்ளிருந்து அழுத்துகின்றது. இவ்வமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 5 மடங்கு வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். மோட்டார் வண்டியின் ரயரிலுள்ள காற்றமுக்கத்தினும் இது மிகுதி. இலக்கியம் கற்பிக்கும் எமக்குப் பழகிய ‘வாடுதல்’ என்னும் சொல் இவ்வமுக்கம் தளர்ந்த நிலைக்கே பெயர்.

வேர்க்கலங்கள், சுவாசத்தாற் பெற்ற சக்தியைச் செலவிட்டு, மண்ணீரிலுள்ள கனியுப்புக்களை உள்ளெடுத்துக் காழ்க்குழாய்களிற் சேர்க்கின்றன. உப்புச் சேர்ந்த இடத்தை நீர் நாடி வரும். வந்த நீர் மேலே தள்ளும். இதுவே வேரமுக்கம். இங்கிலாந்தில் மதகுருவாயிருந்த ஸ்டீவன் ஹேல்ஸ், வெட்டிய முந்திரிகைக் கொடியின் அடிக்கட்டையிற் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்திச் சாறு 20 அடிக்கு மேல் ஏறக் கண்டார். 1727இல் வெளிவந்த தமது நூலில் இதனை எழுதினார்.

பகலிலோ இலைகள் நீரை ஆவியாக்கி இழுக்கும் விசையே பெரிது. ஆதலால் நீரோடு வரும் கல்சியத்திற் பெரும்பங்கு இலைகளுக்கே போகின்றது. பொற்றாசியம் இலையிலிருந்து காய்க்கு இடம்பெயரக்கூடியது. கல்சியம் சென்ற இடத்திலேயே தங்கிவிடும். தக்காளிக் காயின் மேற்றோலோ மெழுகு பூசினாற்போன்றது. அதனூடே ஆவியாகும் நீர் மிகச் சிறிது. இரவில் இலைகளின் இழுவை ஓய்ந்தபின் வேரமுக்கம் தள்ளும் நீர் காய்க்குச் சிறிது கல்சியத்தைக் கொண்டுசேர்க்க உதவுகின்றது. மண் காய்ந்துவிட்டால் அதுவும் நின்றுபோம்.

ஆகவே, பல நாள் காயவிட்டுப் பின்னர் வெள்ளமாய் இறைப்பது கெடுதி. உரத்தை அள்ளிக் கொட்டுவதும் அத்தகையதே: மண்ணீர் உப்பேறினால் வேருக்கு நீர் உறிஞ்சுதல் கடினமாகும், அமோனிய உரமாயின் அது கல்சியத்தோடு போட்டியுமிடும். கடலோரத்து உவர்க் கிணறுகளால் இறைப்போர் இதில் இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். இவ்வாறான நிலத்தில் மேலும் சுண்ணாம்பு இடுவது வீண். அளவாக, இடைவிடாது இறைத்து, செடியடியில் வைக்கோலோ சருகோ பரப்பி ஈரம் காத்தல் போதும். கறுத்த காய் தேறாது, பறித்துவிடலாம். ஈரம் சீரானபின் பிடிக்கும் குலைகளிற் காய்கள் பெரும்பாலும் பழுதின்றி வரும்.