ஆட்டோமேட்டிக் காரின் சிவப்பு எண்ணெய்

கிளட்ச் பெடல் இல்லாத காரில் கிளட்சே இல்லை என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். உண்டு, ஒன்றல்ல, பல. எண்ணெயில் ஊறிய தகடுகள் அவை. அவற்றை அழுத்திப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். டார்க் கன்வெர்ட்டருக்குள் என்ஜினின் சுழற்சியைக் கடத்துவதும், சூட்டை வெளியே கொண்டு போவதும் அதே ஏ.டி.எஃப். தான். (ஏ.எம்.டி. கார்கள் வேறு வகை. அவற்றை இங்கே சேர்க்கவில்லை.)

என் அப்பா மயிலாப்பூரில் ஒரு வீட்டில் டிரைவர். அந்த வீட்டு ஆட்டோமேட்டிக் காருக்கு என் வயசு, பதினெட்டு. லஸ் சிக்னலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்தும், வண்டி யோசித்து யோசித்து நகரும். பார்த்த மெக்கானிக், "டிரைவர் ஓட்டின ஓட்டுல கியர்பாக்ஸ் போச்சு சார்" என்று சொல்லிவிட்டார். அப்பாவின் வேலையே ஆட்டம் கண்டது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தவர் யாருமில்லை!

அதைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. வண்டி நன்றாகச் சூடேறியிருக்கணும், தரை சமமாக இருக்கணும். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் தள்ளி மறுபடி 'பி'க்குக் கொண்டு வந்து, என்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்கணும். ஹோண்டா கார்களில் மட்டும் என்ஜினை நிறுத்தின உடனே பார்ப்பார்கள். மேனுவல் சொல்வதே சட்டம்.

ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். தெளிவான சிவப்பு நல்லது. பழுப்பு, வயசானது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் தகடு கருகியிருக்கிறது. புது எண்ணெய் அதற்கு மருந்தல்ல. ரோஸ்மில்க் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்தில் வண்டிகள் மூழ்கினவே, அப்படி மூழ்கிய காரில் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். தகட்டின் மேல்பூச்சு அதில் ஊறி உரியும். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. வெள்ளமே பார்க்காத காரிலும் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையானால் இதே நிறம் வரும்.

அப்பாவின் காரில் எண்ணெய் பழுப்பு. தீய்ந்த வாடை இல்லை. ஆனால் கீழ்க்கோட்டையே தொடவில்லை. கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் விறைத்துப்போய்க் கசிந்திருந்தது. எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தகடு வழுக்கும். ஓட்டின ஓட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தாளை அந்த சாரிடமே காட்டினேன். ஹோஸ் மாற்றி அளவைச் சரிசெய்ததும் வழுக்கல் நின்றது.

பழைய எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்கிற பேச்சு எல்லா ஷெட்டிலும் உண்டு. கருகின தகடு எப்படியும் போகப் போகிறது, பழி புது எண்ணெய்க்கு. ஆனாலும் பழைய வண்டியில் மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். படிந்த அழுக்கு கிளம்பி வால்வு பாடியில் அடைக்கலாம். டிரெய்ன் பிளக்கைக் கழற்றி வடிப்பதே போதும். பாதிக்கு மேல் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். ஒரு தடவைக்கு 40 சதவீதம் வடிகிறது என்று வையுங்கள்: மிச்சம் 60, அடுத்து 36, மூன்றாவதில் சுமார் 22. நடுவில் சில நாள் ஓட்டணும். வடித்ததை அளந்து அதே அளவு ஊற்றணும். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் சகஜம். உலோகச் சில்லு இருந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஜி.பி. ரோடு கடையில் வெறும் "கியர் ஆயில்" என்று கேட்டால் 90 நம்பர் டின்னை எடுத்து நீட்டுவார்கள். கூழ் மாதிரி இருக்கும் அது இதற்கு ஆகவே ஆகாது. மேனுவலில் போட்டிருக்கும் வகையை எழுதிக்கொண்டு போங்கள், டெக்ஸ்ரான், எஸ்.பி.-3 என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று.