மனுக்கட்டுகளில் வாழும் மூதாதையர்

அரசர்களுடைய வம்சாவளியைச் சொல்லச் சாசனங்கள் உண்டு. ஆனால் வயலை உழுதுகொண்டிருந்து, அழைப்பு வந்தபோது துப்பாக்கி ஏந்திச் சென்று, உயிரோடு திரும்பி மறுபடியும் ஏர் பிடித்த சாமானியனுடைய வாழ்க்கையை எழுதிவைப்பார் யார்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அந்தக் காரியத்தைச் செய்தது சர்க்காரின் உபகாரச் சம்பள இலாகா. முதிய சிப்பாய்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் பணம் கொடுக்குமுன், மனுதாரர் சொல்வது மெய்தானா என்று அந்த இலாகா கொண்ட சந்தேகமே, இன்று தங்கள் முன்னோரைத் தேடும் குடும்பங்களுக்குப் பெரும் நிதியாக வாய்த்திருக்கிறது.

சுதந்திர யுத்தம் முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தபின், 1832-ஆம் வருஷத்துச் சட்டம், குறைந்தது ஆறு மாதம் சேவை செய்த எவரும், ஏழ்மையை நிரூபிக்காமலே உபகாரச் சம்பளம் கோரலாம் என்று விதித்தது. யுத்த இலாகாவின் பழைய தஸ்தாவேஜுகளோ 1800 நவம்பரில் மூண்ட தீயில் எரிந்துபோயிருந்தன. ஆகையால், எழுபதும் எண்பதும் கடந்த கிழவர்கள் நியாயஸ்தலத்தில் நின்று, தாங்கள் பிறந்த ஊர் எது, வயதுக்கு ஆதாரம் என்ன, பட்டாளத்தில் சேரும்போது எங்கே வசித்தார்கள், தாமாகச் சேர்ந்தார்களா அல்லது வேறொருவனுக்குப் பதிலாளாகச் சென்றார்களா, பிற்பாடு எங்கெங்கே குடியேறினார்கள் என்பதையெல்லாம் பிரமாணத்தின்மேல் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த யுத்தத்தைச் சேர்ந்த மனுக்கட்டுகள் மட்டும் சுமார் 80,000, தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

விதவைகளின் மனுக்கள் இன்னும் அருமையானவை. விவாகத்துக்குப் பதிவுப் பத்திரம் இல்லாத பெண்கள் பலர், தங்கள் வீட்டு வேதாகமத்தில் பிறப்பும் விவாகமும் மரணமும் எழுதப்பட்டிருந்த ஏட்டையே கிழித்து மனுவோடு அனுப்பிவிட்டார்கள். வேறெங்கும் பதிவாகாத, சிசுப் பருவத்திலேயே மாண்ட குழந்தைகளின் பெயர்கள்கூட அந்த ஏடுகளில் காணக் கிடைக்கின்றன. சாரா ஆஸ்பார்ன் என்னும் மூதாட்டி 1837-இல் கொடுத்த வாக்குமூலம், 1781-இல் நடந்த யார்க்டவுன் முற்றுகையின்போது அவள் சிப்பாய்களுக்குச் சமைத்ததையும், துணி வெளுத்ததையும், பதுங்கு குழிகளுக்கே மாட்டிறைச்சியும் ரொட்டியும் காப்பியும் சுமந்து சென்றதையும், பீரங்கிக் குண்டுக்கு அஞ்சவில்லையா என்று ஜெனரல் வாஷிங்டனே அவளை வினவியதையும் விவரிக்கிறது. உபகாரச் சம்பளம் கேட்க வேண்டிய அவசியம் நேர்ந்திராவிட்டால், எண்பது வயது கடந்த அந்த அம்மையாரின் நினைவுகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள எவரும் முன்வந்திருக்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன்.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தின் மனுக்களில், என் நெஞ்சை மிகவும் தொடுபவை கறுப்பினச் சிப்பாய்களுடையவை. ஏறக்குறைய 1,79,000 பேர் வடவர் சேனையில் பணியாற்றினர். அவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அடிமைகளின் விவாகத்தைச் சட்டம் அங்கீகரிக்காததால், அவர்கள் மனைவியர் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? இலாகாவின் விசேஷ விசாரணை அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று, உடன் உழைத்தவர்களையும், பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளையும், சில சமயம் பழைய எஜமானர்களையுமே விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அடிமைகள் பலரைத் தப்புவித்துக் கீர்த்திபெற்ற ஹாரியட் டப்மன், தம் கணவர் நெல்சன் டேவிஸ் 1888-இல் இறந்தபின் விதவை என்ற முறையில் மனுச் செய்தபோது, சேனைப் பட்டியலில் கண்ட நெல்சன் சார்லஸும் தம் கணவரும் ஒருவரே என்று விளக்க வேண்டியிருந்தது. மாதம் எட்டு டாலர் அனுமதிக்கப்பட்டது 1895-இல்தான். பெயர் மாறிய இடத்தில் வம்சத்தின் இழை அறுந்துபோயிற்று என்று கைவிடும் சந்ததியாருக்கு, இத்தகைய விளக்கங்களே மறுபடியும் வழிகாட்டுகின்றன.

ஆனாலும் இம்மனுக்களில் உள்ளவை பணத்தை நாடிச் சொல்லப்பட்டவை, பல்லாண்டு கழித்து நினைவிலிருந்து சொல்லப்பட்டவை என்பதால், தேதிகளையும் படைப்பிரிவுகளையும் ஆஜர்ப் பட்டியல்களோடும் ஜனத்தொகைக் கணக்கோடும் ஒத்துப் பார்த்தே ஏற்கவேண்டும். தென்னவர் சேனையின் சிப்பாய்களுக்குப் பிற்காலத்தில் உபகாரச் சம்பளம் அளித்தவை அந்தந்த மாநிலங்களே. ஆகவே அவர்களைப் பற்றிய காகிதங்களை மாநிலக் காப்பகங்களில் தேடவேண்டும். நிராகரிக்கப்பட்ட மனு என்று கண்டதும் ஒதுக்கிவிடலாகாது. மறுபடியும் மறுபடியும் சாட்சி தேடி அலைந்த மனுதாரரின் கட்டு, உடனே அனுமதி பெற்றவருடையதைவிடப் பெரும்பாலும் கனமாக இருக்கும். சாட்சிகளின் கையொப்பங்களையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளவேண்டும். அண்டை வீட்டார் என்று வந்து நின்றவர், மனைவியின் தமையனாகவோ சகோதரியின் கணவராகவோ இருப்பது அடிக்கடி காணும் சங்கதி.