கணினியோடு பழகுவோம் – 6: தப்பான பட்டனை அழுத்திவிட்டால்?

சென்ற வாரம் ஃபைல்களை ஃபோல்டர்களில் வகை பிரித்து வைக்கப் பழகினோம். இந்த வாரம் புது வேலை எதுவும் இல்லை. செய்த வேலை கெட்டுப்போனால் எப்படி மீட்பது என்று மட்டும் பார்க்கப் போகிறோம்.

இதற்கு ஒரு வாரம் முழுவதும் ஒதுக்கக் காரணம் இருக்கிறது. புதிதாகக் கணினி முன் உட்காருகிற பெரியவர்கள் பலருக்கும் கையைக் கட்டிப்போடுவது ஒரே பயம்தான்: "எதையாவது அழுத்தி, எல்லாம் போயிடுச்சுன்னா?" பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருள். பேத்தியின் பள்ளிக்கூட வேலையெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. நம் கை பட்டுக் கெட்டது என்று பேர் வந்துவிடக் கூடாதே என்ற கவலை நியாயமானதுதான். அந்தக் கவலையைக் குறைக்க ஒரே வழி, எந்தத் தவறைத் திரும்பப் பெறலாம், எதைப் பெற முடியாது என்று தெரிந்துகொள்வது. முதல் பட்டியல் நீளமானது, இரண்டாவது சின்னது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். கீபோர்டில் எந்த எழுத்தைத் தட்டினாலும், மவுஸை எங்கே கிளிக் செய்தாலும், அந்தத் தட்டலால் இயந்திரம் எரிந்துபோகாது. கணினியைக் கெடுப்பவை வேறு: கீபோர்டில் கொட்டிய காபி, மின்விசிறித் துவாரத்தை அடைத்த தூசி, மேசையிலிருந்து விழுந்த அடி, ஏறி இறங்கும் மின்சாரம். தவறான கிளிக் செய்யக்கூடிய சேதம், உள்ளே இருக்கும் எழுத்துக்கும் படத்துக்கும்தான். அதையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

புதியவர்களுக்கு அடிக்கடி நேரும் ஒரு விபத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆறுமுகம் என்பவர் மின்வாரியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முடிந்துவிட்டது. கடைசியில் தன் பெயரை எழுத வேண்டும். முதல் எழுத்து பெரிய ஏ. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஏ-யைத் தட்ட வேண்டும். ஷிஃப்ட்டுக்கு அடுத்த கீழ் வரிசையில் கன்ட்ரோல் இருக்கிறது. சுண்டுவிரல் ஒரு வரிசை கீழே இறங்கிவிடுகிறது.

கன்ட்ரோலும் ஏ-யும் சேர்ந்தால் 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்று அர்த்தம். மனு முழுவதும் நிறம் மாறி நிற்கிறது. ஆறுமுகத்தின் பார்வை கீபோர்டில் இருப்பதால் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த எழுத்தாக ஆர் தட்டுகிறார். தேர்ந்தெடுத்த பகுதியின் மேல் எதைத் தட்டினாலும், அந்தப் பகுதி விலகி, தட்டியது அந்த இடத்தில் வந்து உட்காரும். ஒரு பக்க மனு போய், ஒற்றை ஆர் நிற்கிறது. பெயரை முடித்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்க்கும்போது, வெள்ளைப் பக்கத்தின் மூலையில் தலையெழுத்து இல்லாத தன் பெயர் மட்டும் இருக்கிறது.

இப்படி நேர்வது ஆறுமுகங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1974-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில், பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் 'பிராவோ' என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். அதில் ஒரே விசை சில சமயம் எழுத்தாகவும், சில சமயம் கட்டளையாகவும் வேலை செய்யும். கட்டளை நேரம் என்பதை மறந்து ஒருவர் 'எடிட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், முதல் எழுத்தான இ எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிடும். அடுத்த டி அத்தனையையும் அழித்துவிடும். ஐ புதிதாக எழுதத் தொடங்கச் சொல்லும். கடைசி டி என்ற எழுத்து மட்டும் பக்கத்தில் மிஞ்சும். கணினித் துறையில் இன்றும் சொல்லப்படும் கதை இது.

அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த லாரி டெஸ்லருக்கு இந்த இரட்டை வேடம் பிடிக்கவில்லை. ஒரு விசை எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். தன் கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டவர். அவரும் டிம் மாட்டும் சேர்ந்து, ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவுக்காக 'ஜிப்ஸி' என்ற செயலியைச் செய்தார்கள். கணினி படிக்காத, புத்தகத்தை மட்டுமே திருத்தத் தெரிந்தவர்கள் சிரமமில்லாமல் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்று நாம் செய்யும் கட், காப்பி, பேஸ்ட் அந்த வேலையில் உருவானவை. டெஸ்லர் 1980-ல் ஆப்பிளுக்குப் போனார்; 2020-ல் காலமானார்.

கீபோர்டின் கடைசி எழுத்து வரிசையை இடப்பக்கமிருந்து பாருங்கள்: இசட், எக்ஸ், சி, வி. கன்ட்ரோலோடு சேர்த்தால் முறையே செய்ததை ரத்து செய், வெட்டு, நகலெடு, ஒட்டு. நான்கும் அடுத்தடுத்து இருப்பது தற்செயல் இல்லை. இடக்கைக்கு எட்டும் தூரத்தில், வலக்கை மவுஸை விடாமலே அழுத்த வசதியாக இருப்பதைப் பாருங்கள். 1984-ல் வந்த மக்கின்டாஷிலும் இதே நான்கு எழுத்துகள்தான். அங்கே கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை.

ஆறுமுகம் செய்ய வேண்டியது கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இசட்டைத் தட்டுவது மட்டும்தான். ஒரு தட்டலில் வராவிட்டால் மறுபடி தட்டலாம். வேர்டு போன்ற செயலிகள் ஒவ்வொரு படியாகப் பின்னால் போகும். மனு முழுசாகத் திரும்பிவிடும். அளவுக்கு மேல் பின்னால் போய்விட்டால் கன்ட்ரோலும் ஒய்யும் முன்னுக்குக் கொண்டுவரும். பழைய நோட்பேடில் மட்டும் ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடியும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு: ஃபைலை மூடாமல் இருக்க வேண்டும். பதற்றத்தில் பலரும் செய்வது மேல்மூலையில் இருக்கும் எக்ஸை அழுத்துவதுதான். மூடியதும் பின்னால் போகும் வழி அடைபட்டுவிடும். எழுத்து மறைந்தால் கையை எடுத்துவிட்டு ஒரு மூச்சு விடுங்கள். பிறகு கன்ட்ரோல் இசட்.

சரி, எக்ஸை அழுத்தியே விட்டீர்கள் என்றாலும் கணினி ஒரு கேள்வி கேட்கும். சேவ், டோன்ட் சேவ், கேன்சல் என்று மூன்று பட்டன்கள் வரும். படிக்காமலே சேவ் அழுத்துவது நம் வழக்கம். மனுவை அழித்துவிட்டு சேவ் அழுத்தினால், அழிந்த கோலத்தையே பத்திரப்படுத்தச் சொல்கிறோம் என்று பொருள். கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் டோன்ட் சேவ்தான் சரி. கடைசியாக எப்போது சேவ் செய்தீர்களோ அந்த நிலை அப்படியே இருக்கும். என்ன செய்வதென்று புரியாவிட்டால் கேன்சல் அழுத்துங்கள். எதுவுமே நடக்காது, ஃபைல் திறந்தபடி இருக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும். ஒன்டிரைவில் ஆட்டோசேவ் போட்டு வேலை செய்பவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. அவர்கள் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய நிலையைத் தேடி எடுக்கலாம்.

கன்ட்ரோல் இசட் எழுத்துக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். மவுஸ் பழகாத கை கிளிக் செய்யும்போது கொஞ்சம் அழுத்தி இழுத்துவிடும். 'கல்யாண போட்டோ' என்ற ஃபோல்டர் நழுவிப் பக்கத்தில் இருந்த 'வங்கி' ஃபோல்டருக்குள் விழுந்துவிடும். கண் முன்னால் இருந்தது காணோம்! வீட்டில் ஒரு கலவரம். இங்கேயும் அதே கன்ட்ரோல் இசட்தான். ஃபோல்டர் பழைய இடத்துக்கு வந்துவிடும். தவறாகப் பெயர் மாற்றியதற்கும், டெலிட் செய்ததற்கும்கூட இது செல்லும்.

டெலிட் செய்தது நேற்றோ போன வாரமோ என்றால் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். டெலிட் செய்த ஃபைல் அங்கேதான் கிடக்கும். அதன் மேல் வலது கிளிக் செய்து ரீஸ்டோர் கொடுத்தால், எந்த ஃபோல்டரிலிருந்து போனதோ அங்கேயே திரும்பிவிடும். இடம் அடைக்கிறது என்று அந்தத் தொட்டியை அடிக்கடி காலி செய்யாதீர்கள். சில கணினிகளில் 30 நாளுக்கு மேல் கிடப்பவை தாமாகவே நீங்கும்படி அமைப்பு இருக்கும். அதையும் நினைவில் வையுங்கள்.

இனி சின்னப் பட்டியல். இங்கே கவனம் வேண்டும்.

பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் டெலிட் செய்தவை ரீசைக்கிள் பின்னுக்கு வராது. ஷிஃப்ட்டோடு டெலிட்டை அழுத்தினாலும் அப்படித்தான். அப்போது வரும் கேள்வியில் 'பெர்மனன்ட்லி' என்று ஒரு சொல் இருக்கும். அதைப் பார்த்தால் நில்லுங்கள். கை மீறி நடந்துவிட்டாலும் உடனே நம்பிக்கையை விட வேண்டாம். டெலிட் என்பது பெரும்பாலும், நூலகத்தில் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டு அட்டவணையில் அதன் பெயரை மட்டும் அடித்துவிடுவது போலத்தான். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை மீட்க வாய்ப்பு உண்டு. ஆகவே பென்டிரைவைக் கழற்றி வைத்துவிடுங்கள், அதில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். இப்போதைய மடிக்கணினிகளில் இருக்கும் எஸ்எஸ்டி-யில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. டெலிட் ஆன இடத்தை அது சீக்கிரமே துடைத்துவிடும்.

ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் மோதும்போது 'ரீப்ளேஸ்' என்று கேட்கும். சம்மதித்தால் பழையது போய்விடும். சந்தேகம் இருந்தால் புதியதற்கு வேறு பெயர் வையுங்கள். பென்டிரைவை 'ஃபார்மட்' செய்யவா என்று கேட்டால், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று அர்த்தம். அனுப்பிய மெயிலுக்கும் அவகாசம் குறைவு. ஜிமெயிலில் 'அன்டூ' அழுத்த 5 முதல் 30 நொடிவரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இல்லை. சேவ் செய்யாத வேலை மின்வெட்டில் போனால் போனதுதான். வேர்டு சாதாரணமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஒரு பிரதி எடுத்து வைக்கும், ஆனால் கடைசி 10 நிமிடம் நம் பொறுப்பு. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோலோடு எஸ் தட்டுவது நல்ல பழக்கம். வீட்டில் யுபிஎஸ் இருந்தால், அது சேவ் செய்து முறையாக மூடுவதற்கான அவகாசம். சினிமா பார்ப்பதற்கு இல்லை.

இவையெல்லாம் போனால் எழுத்தும் படமும்தான் போகும். பணம் போகும் தவறு ஒன்று உண்டு. இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுக்கச் சிவப்பாகி, 'உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்' என்று வரும். சத்தம்கூடப் போடும். அது விளம்பரப் பக்கத்தில் வந்த பொய். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. இடது மேல்மூலையில் இருக்கும் எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், பிறகு அந்தப் பக்கத்தை மூடுங்கள். மூட முடியவில்லை என்றால் கணினியையே நிறுத்திவிடலாம். அந்த எண்ணைக் கூப்பிட்டு, எதிர்முனைக்காரர் சொல்லும் செயலியை நிறுவி, நம் திரையை அவர் கையில் கொடுத்தால் கன்ட்ரோல் இசட் கிடையாது. அப்படிப் பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். இணையத்தை உடனே துண்டித்துவிட்டு, 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இந்த வாரப் பயிற்சி, வேண்டுமென்றே கெடுப்பது. வேர்டைத் திறந்து பத்து வரி எழுதி சேவ் செய்யுங்கள். கன்ட்ரோல் ஏ அழுத்தி, ஓர் எழுத்தைத் தட்டி எல்லாவற்றையும் அழியுங்கள். கன்ட்ரோல் இசட் போட்டு மீட்டெடுங்கள். மறுபடி அழித்துவிட்டு எக்ஸை அழுத்தி, டோன்ட் சேவ் கொடுத்து, திறந்து பாருங்கள். பிறகு அந்த ஃபைலை டெலிட் செய்து ரீசைக்கிள் பின்னிலிருந்து எடுங்கள். கடைசியாக அதை ஒரு ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். விரலுக்குப் பழகும்வரை செய்யுங்கள்.

அடுத்த வாரம் பிரதி எடுத்துப் பாதுகாப்பது எப்படி என்று பார்ப்போம். ஒரு காலி பென்டிரைவைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்களுக்குக் கணினி சொல்லித்தரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மவுஸைப் பிடுங்கி நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லுங்கள். தப்பும் அவர்களே செய்யட்டும், திருத்தலும் அவர்களே செய்யட்டும்.