பேட்டரியைக் கட்டுவது ஓடுவதற்கு அல்ல, மோதுவதற்கு

சொந்த ஆர்வத்தில் கார் பந்தயத்துக்கு வருகிறவர்கள், சாலையில் ஓடிய காரையே மாற்றி அமைத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமானாலும் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயானாலும் பாதுகாப்புத் தேவை ஒன்றுதான். டயர், பிரேக், சீட் பெல்ட், உருளும்போது கூரை நசுங்காமல் காக்கும் குழாய்க் கூண்டு ஆகியவற்றுக்குப் பணமும் கவனமும் தாராளமாகப் போகின்றன. முன்பக்கப் பாரத்தைக் குறைக்கப் பேட்டரியை டிக்கிக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. அதை எதைக் கொண்டு கட்டுவது என்ற கேள்வி மட்டும் கடைசியில் வருகிறது. ஒரு ரப்பர் கயிறோ நைலான் பட்டையோ போட்டு, கையால் அசைத்துப் பார்த்து, ஆடவில்லை என்றால் வேலை முடிந்துவிடுகிறது. இந்தச் சோதனை போதாது. ஓடும்போது அசையாமல் இருப்பது பேட்டரிக் கட்டின் முதல் கடமை மட்டுமே. கட்டின் பலத்தை அளக்க வேண்டியது மோதும் நொடியில் வரும் விசையைக் கொண்டு.

கணக்கு எளிது. சாதாரணக் கார் பேட்டரி சுமார் 15 கிலோ இருக்கும். நல்ல டயர் போட்ட கார் கடுமையாக பிரேக் பிடிக்கும்போது பேட்டரி ஏறக்குறைய தன் எடையளவு விசையோடு முன்னே தள்ளும். இதை எந்தப் பட்டையும் தாங்கும். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதி, அரை மீட்டர் நசுங்கி நின்றால், சராசரி வேக இறக்கம் புவியீர்ப்பைப் போல் 28 மடங்கு. அந்தக் கணத்தில் 15 கிலோ பேட்டரி 420 கிலோ பாரம்போலத் தள்ளுகிறது. டிக்கியில் இருக்கும் பேட்டரிக்கு நேர் முன்னால் இருப்பது ஓட்டுநரின் முதுகு. கார் உருண்டால் விசை மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் வரும். கீழே தாங்கும் தட்டு மட்டும் இருந்தால் பயனில்லை. ரப்பர் கயிறு நீளும், நீண்டபின் திருப்பி எறியும். கொக்கி வளைத்த மெல்லிய கம்பி நிமிர்ந்துவிடும்.

சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி இந்தக் கணக்கிலிருந்து பார்த்தால்தான் புரியும். பேட்டரியை அதன் பழைய இடத்திலிருந்து மாற்றினால், உலோக இருக்கையும் மின்காப்பு உறையிட்ட இரண்டு உலோகப் பட்டைகளும் வேண்டும்; அவற்றைத் தரையோடு போல்ட், நட்டு கொண்டு பிணைக்க வேண்டும். போல்ட் குறைந்தது 10 மில்லிமீட்டர் விட்டம். ஒவ்வொரு போல்ட்டின் கீழும், கார்த் தகட்டின் அடிப்புறத்தில், 3 மில்லிமீட்டர் தடிமனும் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பும் குறையாத உலோகத் தகடு. இந்தத் தகடு எதற்கு? 10 மில்லிமீட்டர் உயர்தர எஃகு போல்ட் டன் கணக்கில் இழுவையைத் தாங்கும். அறுந்துபோவது போல்ட் அல்ல. காரின் தரைத் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். சிறிய வாஷர் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அகன்ற தகடு அந்த விசையைப் பரப்பி விடுகிறது. பட்டை, போல்ட், தரை ஆகிய மூன்றில் எது பலவீனமோ அதுவே மொத்தக் கட்டின் பலம்.

எடையை அடக்கினாலும் மின்சாரமும் ஆசிடும் மிஞ்சுகின்றன. பேட்டரி நகர்ந்து பாசிட்டிவ் முனை உலோகத்தைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். பெட்ரோல் கசிந்த காரில் அந்தப் பொறி போதும். ஆகவே முனைகளுக்கு மின்காப்பு மூடி கட்டாயம். கேபிள் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் வேண்டும். திரவ ஆசிட் பேட்டரிக்குக் கசியாத பிளாஸ்டிக் பெட்டி தேவை. சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் நான்கு சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பயணிகள் பகுதியில் உள்ள பெட்டியின் காற்றுக் குழாய் காருக்கு வெளியே முடிய வேண்டும். எல்லாச் சுற்றுகளையும் துண்டித்து எஞ்சினையும் நிறுத்தும் சுவிட்ச், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எட்ட வேண்டும். அந்தச் சுவிட்சின் அடையாளம் நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல்; மீட்புப் பணியாளர் தேடுவது அதைத்தான்.

இவ்வளவும் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. ஆசிட் சிந்தாத, மூடிய வகை பேட்டரி வாங்கிவிட்டால் போதாதா என்கிறார்கள். அது கசிவைத்தான் தடுக்கிறது. எடையும் ஷார்ட் சர்க்யூட்டும் அப்படியே இருக்கின்றன. லித்தியம் பேட்டரி சில கிலோதான், உண்மை. விசை குறைகிறது, ஆனால் உலோகத்தைத் தொட்டால் பாயும் மின்சாரம் குறைவதில்லை. கம்பெனி போட்ட கிளாம்ப் போதும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு: பேட்டரி பழைய இடத்திலேயே, அதே அளவில், துருவற்ற தாங்கியில் இருந்தால் அது நல்ல தொடக்கம். இடமோ அளவோ மாறினால் அந்த நியாயம் போய்விடும். எடை கூடும் என்ற கவலைக்கும் கணக்கே பதில் சொல்கிறது. 20 சதுர சென்டிமீட்டர் எஃகுத் தகடு ஐம்பது கிராம்கூட இல்லை. இருக்கை செய்ய உதவும் 25 மில்லிமீட்டர் ஆங்கிள் இரும்பு மீட்டருக்கு ஏறக்குறைய 1.1 கிலோ. முழுக் கட்டும் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டியதில்லை.

அடுத்த பந்தயத்துக்குப் போகுமுன் டிக்கியைத் திறந்து, கட்டியிருப்பது எதுவாயினும் அது 420 கிலோவைப் பிடித்து நிறுத்துமா என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் இருந்தால் அந்தக் காரைத் தடத்தில் இறக்காதீர்கள். ஒரு பிற்பகல் வேலையும் சில துண்டு இரும்பும் செலவாகும். அதைவிட மலிவான உயிர்க்காப்பு பந்தயக் காரில் வேறில்லை.