மாண்டவர் எழுந்தபின்

மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு ஆடப்பட்டு வருவது பொன்னர் சங்கர். கொங்குநாட்டு அண்ணன்மார் கதை. தோட்ட வேலைக்குக் கடல் கடந்தவர்களோடு வந்தது. மடுல்சீமையிலிருந்து வரும் என் மாணவர் அதனைப் போர்க்கதை என்பர். என்னை ஈர்ப்பது போருக்குப் பிந்திய கட்டம்.

படுகளத்தில் அண்ணன்மார் இருவரும் தம் கையாலேயே உயிர் துறக்கின்றனர். தேடிவந்த தங்கை தங்காள் அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் அவளோடு பேசுகிறார்கள்; ஆனால் வீடு திரும்பவில்லை. விதித்த 16 ஆண்டு முடிந்ததென்று மறுபடியும் மாள்கின்றனர். உயிர் கிடைத்தும் ஏன் மறுத்தார்கள்? விதி என்பது கதை தரும் விடை. எனக்கோ அது போதவில்லை. வீரன் என்ற பெயர் களத்திலே முடிந்துவிட்டது. எழுந்து நிற்பவன் யாரென்று அவனுக்கே தெரியாது. எரிந்து மீண்ட காமனுக்கும் இதே கதிதான்: இரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவம்.

விடிய விடிய இக்கூத்துகளைப் பார்த்திருந்தவர்கள் யார்? 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். அவர்களுள் பலர் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, கொழுந்து பறித்துக்கொண்டே, எந்த நாட்டின் பிரசையுமாக இல்லாதிருந்தார்கள். தங்காள் ஒப்பாரி வைக்கும்போது தோட்டத்துப் பெண்கள் வாய்விட்டு அழுவதைக் கண்டிருக்கிறேன். அண்ணன்மாருக்காக மட்டும் அழுதார்கள் என்று நான் எண்ணவில்லை.