மௌனத்தின் மேல் அப்பீல்

வில்லியனூரிலோ பாகூரிலோ உள்ள ஒரு குடியானவர், தம் ஊர் வாய்க்காலைத் தூர் வாரச் சர்க்கார் செலவிட்ட தொகையை அறிய விரும்பினால், பத்து ரூபாய் கட்டி மனுச் செய்யலாம். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் அளித்த பாத்தியதை இது. முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அந்த மௌனத்தை மறுப்பாகவே சட்டம் கொள்ளுகிறது. மேலதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். அங்கும் பயனில்லையேல் இரண்டாவது அப்பீல் உண்டு.

இங்கேதான் புதுச்சேரிக்காரருக்குச் சங்கடம். தமிழ் நாட்டாருக்குச் சென்னையிலேயே கமிஷன் இருக்கிறது. யூனியன் பிரதேசத்தாரோ டில்லியிலுள்ள மத்தியக் கமிஷனுக்கு எழுதவேண்டும். பாகூர் வாய்க்காலுக்கு டில்லியில் வழக்கு!

அப்பீலை விட்டுப் புகார் மட்டும் செய்தால் போதாதா? போதாது. பதிலே வராத மணிப்பூர் மனுக்கள் இரண்டைப் பற்றி 2011 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. புகாரினால் உத்தியோகஸ்தருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விழலாம். தகவல் வேண்டுமானால் அப்பீல்தான் வழி.

புதுச்சேரியில் 38 வருஷங்களுக்குப் பிறகு 2006-இல் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. 2011-இல் அங்கத்தினர்களின் காலம் முடிந்த பின், நெடுங்காலம் உத்தியோகஸ்தர்களே கொம்யூன் பஞ்சாயத்துக்களை நடத்தினார்கள். மெம்பரை வழிமறித்துக் கணக்குக் கேட்க இயலாத கிராமவாசிக்கு அந்தப் பத்து ரூபாய்க் காகிதந்தான் மிஞ்சியது. ஆகையால் மனுவின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கும்படி நேயர்களை வேண்டுகிறோம். டில்லி அப்பீலுக்குக் கெடு தொண்ணூறு நாள்.