நீர்க்கடுப்பு: மாத்திரைக்கு முன் ஒரு குப்பி

“அண்ணே, நீர்க்கடுப்புக்கு மாத்திரை குடுங்க.” மருந்துக் கடையில் கூட்டம் குறைகிற நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திப் பெண்கள் கேட்பது இது. கடைக்காரரும் மேற்கொண்டு எதையும் விசாரிப்பதில்லை. நார்ஃப்ளாக்ஸசின் அல்லது சிப்ரோஃப்ளாக்ஸசின் அட்டையில் நான்கைக் கத்தரித்து, எரிச்சல் தணிய ஒரு சிரப்பும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கினால் மிச்ச மாத்திரை அலமாரிக்குப் போகும். அடங்காவிட்டால் அடுத்த வாரம் அதைவிட ‘பவர்’ கூடிய ஒன்று.

மருத்துவரிடம் போகக் கூச்சம், போனால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்ற கவலை, இதற்கெல்லாமா பரிசோதனை என்ற எண்ணம். எல்லாம் புரிகிறது; அந்தப் பெண்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த நான்கு மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சூடா, தொற்றா?

கோடையில் வரும் எரிச்சல் எல்லாமே தொற்று அல்ல. வெயிலில் அலைந்து, வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்ந்து, போகும்போது சுருக்கென்று எரியும். நீர்மோர், இளநீர், பார்லிக் கஞ்சி என்று வீட்டில் கொடுப்பவை உடம்பில் நீர் சேர்ப்பவைதான். ஒரு நாளுக்குள் சரியாகிவிடும்.

தொற்று அப்படி அடங்காது. போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடமே மறுபடி போகத் தோன்றும். போனால் சில சொட்டுதான் வரும். அடிவயிறு கனக்கும். சிறுநீர் கலங்கி நாற்றமடிக்கும், சிலருக்கு ரத்தமும் கலந்து வரும். இதோடு குளிர் நடுக்கம், காய்ச்சல், விலாவுக்குப் பின்புறம் ஒரு பக்க வலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எரிச்சலோடு அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அதற்கு இந்த மாத்திரைகள் உதவாது.

குடலிலிருந்து வரும் விருந்தாளி

எளிய சிறுநீர்த் தொற்றுகளில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. 1885-ல் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டு விவரித்தார். நம் எல்லோருடைய குடலிலும் இது இருக்கிறது. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலிலிருந்து நகர்ந்து, சிறுநீர் வெளியேறும் குழாயில் ஏறும்போதுதான் சிக்கல். ஆண்களுக்கு அந்தக் குழாய் சுமார் 20 செ.மீ. நீளம், பெண்களுக்கு 4 செ.மீ.தான். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வருவதற்கு முக்கியக் காரணம் இந்த உடலமைப்பு. திருமணமான புதிதில் அடிக்கடி வருவதும் இதனால்தான். ‘சுத்தமாக இல்லை’ என்று ஒரு பெண்ணைப் பழிப்பதற்கு இதில் எதுவுமே கிடையாது.

சிறுநீர்ப்பை நிறைந்து நிறைந்து காலியாகும் இடம். ஒவ்வொரு முறையும் கிருமியை அடித்துக்கொண்டு போக வேண்டும் அல்லவா? ஈ.கோலையின் உடல் முழுக்க மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றன. இழையின் நுனியிலுள்ள ஒரு புரதம், சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்கள்மீதுள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைக் கொக்கிபோல் பற்றிக்கொள்கிறது. பற்றிய பிறகு சில பாக்டீரியாக்கள் செல்லுக்குள்ளேயே நுழைந்து பெருகுகின்றன. வெளியில் உள்ளவை மருந்தில் சாகும்போது உள்ளே பதுங்கியவை தப்பிவிடலாம். சிலருக்குத் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

இப்போது அந்த நான்கு மாத்திரைக்கு வருவோம். சிப்ரோஃப்ளாக்ஸசின் சிறுநீர்ப்பைக்கு மட்டும் போவதில்லை, குடலுக்கும் போகிறது. அங்கே மருந்துக்குக் கட்டுப்படும் ஈ.கோலை சாகிறது. கட்டுப்படாதது மிஞ்சிப் பெருகி, இடம் பிடித்துக்கொள்கிறது. அடுத்த தொற்று அதே குடலிலிருந்துதான் வரப்போகிறது என்பதால், அடுத்த முறை வரும் கிருமி பழைய மாத்திரைக்கு அசையாததாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அந்தக் குடலிலிருந்து வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அது பரவ முடியும்.

ஆய்வகத்தில் இரண்டு நாள்

எந்தக் கிருமி, எதற்குக் கட்டுப்படும் என்று சொல்வது யூரின் கல்ச்சர் என்னும் பரிசோதனை. ‘பஸ் செல்ஸ்’ எத்தனை என்று பார்க்கும் சாதாரண யூரின் பரிசோதனை வேறு, இது வேறு. பஸ் செல் என்பது வெள்ளையணு. அழற்சி இருப்பதைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. சிறுநீரகத்தில் கல் இருந்தாலும், காசநோய் சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தாலும் பஸ் செல்ஸ் கூடும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்குவது தவறு.

கல்ச்சருக்குச் சிறுநீர் பிடிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் கொடுத்த குப்பியில் பிடிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் டப்பா கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். நல்ல சூழல் அமைந்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் இரண்டு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். மே மாத வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்த குப்பி, இல்லாத நோயைக் காட்டிவிடும்.

ஆய்வகத்தில் ஒரு மைக்ரோலிட்டர் மட்டும் பிடிக்கும் சிறு வளையக் கம்பியால் அதைத் தொட்டு, ஊட்டக்கூழ் பரப்பிய தட்டில் கோடு கோடாக இழுக்கிறார்கள். ஓரிரவு 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால் மறுநாள் புள்ளிகள் முளைத்திருக்கும். மெக்கான்கி என்ற கூழில் ஈ.கோலை இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். நூறு புள்ளி இருந்தால் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் பாக்டீரியா என்று கணக்கு. 1950-களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் வகுத்த இந்த ‘ஒரு லட்சம்’ அளவுகோல்தான் இன்றும் அறிக்கைகளில் வருகிறது. ஆனால் தெளிவான அறிகுறிகள் உள்ள பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் தொற்றாக இருக்கலாம்.

இரண்டாம் நாள் வேலை இன்னும் முக்கியமானது. முளைத்த கிருமியை வேறொரு தட்டு முழுக்கப் பூசி, மருந்தில் தோய்த்த 6 மி.மீ. காகித வில்லைகளை அதன்மேல் வரிசையாக வைக்கிறார்கள். மறுநாள் பார்த்தால் சில வில்லைகளைச் சுற்றித் தெளிந்த வட்டம் இருக்கும். அந்த மருந்து கிருமியை வளரவிடவில்லை. சில வில்லைகளின் விளிம்புவரை கிருமி படர்ந்திருக்கும். வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அறிக்கையில் எழுதுகிறார்கள்: ‘எஸ்’ என்றால் கட்டுப்படும், ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது.

முடிவு வரும்வரை வலியோடு காத்திருக்கத் தேவையில்லை. குப்பியைக் கொடுத்த உடனே மருத்துவர் ஒரு மருந்தைத் தொடங்கலாம், அறிக்கை வந்ததும் தேவைப்பட்டால் மாற்றலாம். வரிசைதான் முக்கியம். இரண்டு வேளை மாத்திரை போட்ட பிறகு கொடுக்கும் சிறுநீரில் கிருமி முளைக்காமலே போகலாம். இளம் பெண்ணுக்கு எப்போதோ ஒரு முறை வரும் எளிய தொற்றுக்குக் கல்ச்சர் கட்டாயமில்லை என்று மேல்நாட்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. மருந்துக்கு அடங்காத கிருமி இவ்வளவு பெருகிவிட்ட நம் ஊரில், முடிந்தவர்கள் முதல் முறையே செய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. திரும்பத் திரும்ப வருபவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், ஆண்கள், குழந்தைகள், காய்ச்சல் உள்ளவர்கள் ஆகியோருக்கு அது கட்டாயம்.

பழைய மருந்தே போதும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-ல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பின் ஆண்டறிக்கைகளில் ஒரு விஷயம் மாறாமல் வருகிறது. பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் ஈ.கோலையில் பெரும்பகுதி சிப்ரோஃப்ளாக்ஸசினுக்குக் கட்டுப்படுவதில்லை. 1953-லிருந்து பயன்பாட்டில் உள்ள நைட்ரோஃபுரான்டாயினும், 1969-ல் ஸ்பெயினில் கண்டறியப்பட்ட ஃபாஸ்ஃபோமைசினும் இன்னும் பெரும்பாலும் வேலை செய்கின்றன. முன்னது வழக்கமாக ஐந்து நாள், பின்னது 3 கிராம் ஒரே ஒரு வேளை. இரண்டும் சிறுநீரில் செறிந்து நிற்பவை, குடல் பாக்டீரியாக்களை அவ்வளவாகக் கலைப்பதில்லை. பழையது என்பதால் வீரியம் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஆனால் நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. காய்ச்சலும் விலா வலியும் இருந்தால் அது உதவாது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் ஏற்றதல்ல.

கூடவே வாங்கும் அந்த சிரப் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. நைட்ரோஃபுரான்டாயினோ அமிலத்தன்மையுள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் சேர்த்துக் குடிக்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகள் தசைநாண்களையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடும் என்பதால், வேறு வழி இருக்கும்போது எளிய சிறுநீர்த் தொற்றுக்கு அவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-லேயே அறிவுறுத்தியது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளின் கதையில் சென்னைக்குத் தனிப் பங்கு உண்டு. டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவரின் சிறுநீரில் 2008-ல் ஒரு கிளெப்சியெல்லா பாக்டீரியா கிடைத்தது. கடைசி நிலையில் கொடுக்கும் கார்பபெனெம் ஊசிகளையே சிதைக்கும் என்டிஎம்-1 நொதி முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அதில்தான். 2010-ல் இந்த நொதி பற்றி லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியான ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்த நொதிக்கான மரபணு இருந்ததை அது பதிவுசெய்தது. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவ சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டை முறைப்படுத்த ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2024 பிப்ரவரியில், சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், செஃபெபைமுடன் சேர்த்து, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கான ஊசி மருந்தாக அமெரிக்க அனுமதி பெற்றது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் என்டிஎம் கிருமிக்கு அதுவும் போதாது.

சட்டமும் கழிப்பறையும்

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது சட்டப்படி குற்றம். செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளை உள்ளடக்கிய ஹெச்1 அட்டவணை 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அவற்றை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு கேட்கும் மருந்து. விதி இருக்கிறது, கடைப்பிடிப்பவர்கள் குறைவு.

இன்னொரு பக்கம், தொற்று வராமல் தடுப்பது பற்றி எளிதாக ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்கிறோம். அதற்குச் சான்றும் இருக்கிறது. அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களிடம் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. ஆனால் ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண் தண்ணீர் குடித்துவிட்டு எங்கே போவாள்? போக இடமில்லாததால்தான் அவள் குடிப்பதையே நிறுத்துகிறாள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ அமைப்பாகத் திரண்டு முதலில் போராடியது கழிப்பறைக்காகத்தான். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் அங்கே வேண்டும். வேலை நேரத்தில் போக அனுமதியும் வேண்டும். எந்த மாத்திரையும் அதற்கு ஈடாகாது.

இன்னும் சில: அறிகுறி எதுவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தால், முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பொதுவாக ஆன்டிபயாடிக் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்குத் தேவை, கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத் தொற்றாகி, குறைப்பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். மாதவிடாய் நின்ற பிறகு அடிக்கடி வருபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பலன் தருகிறது. கூச்சப்படாமல் மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவமனையில் சிறுநீர் ட்யூப் போட்டிருக்கும் உறவினருக்காகத் தினமும் கேளுங்கள்: “இந்த ட்யூப் இன்னும் தேவையா, டாக்டர்?” ஒவ்வொரு நாளும் அது இருக்க இருக்கத் தொற்று வாய்ப்பு கூடுகிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் துறையில் கல்ச்சர் செய்கிறார்கள். முதலில் குப்பி, பிறகு மாத்திரை; மருத்துவர் சொன்ன நாள்வரை மட்டும், சொன்ன மருந்து மட்டும். அலமாரியில் மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். அறிக்கையைத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்தைத் தொடங்குவது என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.